கண்காணிக்கப்படாத நேரம்

சர்வரின் நினைவகம் தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிவிட்டது என்று தெரிந்ததும் பணியிட மாறுதல் இயக்ககம் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. கூட்டம் போட்டது.

கூட்ட அறைக்குப் போகும் வழியில் ஏசி ரூம்காரனின் சட்டைப் பையில் போன் துடித்தது. மனைவி. எடுக்க முடியாது, இணை இயக்குநர் மேடம் அவனுக்கு இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். எடுக்காமலே தெரியும், என்ன சொல்லப் போகிறாள் என்று. காலையிலிருந்து ஒரே வார்த்தைதான். "சுத்துதுங்க."

அவனுடைய பெயர் அந்த அலுவலகத்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. சர்வர் இருந்த அறையில் அவன் இருந்தான். அந்த அறையில் ஏசி இருந்தது. ஆகவே ஏசி ரூம்காரன். இயந்திரத்துக்காகப் போட்ட ஏசியை அவனுக்காகப் போட்டுவிட்டார்கள் என்று மேல்மாடியில் பலருக்கு இன்னும் மனக்குறை. ஒப்பந்த வேலை. சேர்ந்து சில மாதங்கள்தான். சர்வரைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு, தொட உரிமை இல்லை. தொடுவதற்கான கடவுச்சொல் இயக்குநரின் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவனை நம்பி விட்டிருந்தார்கள்: பொதுமக்களுக்கான வாசலைத் திறப்பதும் மூடுவதும். அதையும் எழுத்தில் உத்தரவு வந்தால்தான் செய்யலாம்.

அன்று மாறுதல் நாள். வருடத்துக்கு ஒரு நாள். வெளியூர்களில் வேலை பார்க்கும் செவிலியர்கள், ஆசிரியர்கள், எழுத்தர்கள் எல்லோரும் இணையதளத்துக்குள் நுழைந்து, காலியாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, 'உறுதி செய்' என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். மாலை ஐந்து மணியோடு வாசல் மூடும். அழுத்தியவர்கள் குடும்பத்தோடு சேருவார்கள். அழுத்தாதவர்கள் அடுத்த வருடம் முயற்சி செய்யலாம்.

அவன் மனைவி செவிலியர். ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் வேலை. மகளும் அவளோடு. அந்தக் குட்டிக்கு இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது. அவனை 'போன் அப்பா' என்று கூப்பிடுகிறது. வீட்டில் குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரை வெறும் 'அப்பா' என்று கூப்பிட்டதாம். மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனும் சிரித்துவைத்தான்.

அவன் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு மருத்துவமனை. அதில் ஒரே ஒரு செவிலியர் இடம் காலி. இந்த முறை விட்டால் அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள்.

ஆகவே சர்வர் சுற்றுவது என்பது அவனைப் பொறுத்தவரை தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல.

கூட்டத்தை இயக்குநர் தொடங்கிவைத்தார். நெட்டையான மனிதர். எழுந்து நின்று பேசும்போது மின்விசிறிக்குப் பயந்து லேசாகக் குனிவார். அது பணிவு போலவே இருக்கும். அவர் அறையிலிருந்து லேப்டாப்பையும் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டிடத்திலேயே லேப்டாப் அவருக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கெல்லாம் மேஜைக் கம்ப்யூட்டர். அவர் மற்றவர்களோடு வரிசையில் நிற்கக் கூடாது என்பதற்காக ஏசி ரூமிலிருந்து நேராக அவர் லேப்டாப்புக்கு ஒரு நீல நிற கேபிளும் இழுத்திருந்தார்கள். லேப்டாப் எங்கே போனாலும் கேபிளும் கூடவே போகும். வராந்தாவில் அதைத் தாண்டாமல் யாரும் கழிப்பறைக்குப் போக முடியாது.

"இந்த இயக்ககத்துல ஒரு பிரச்சினையையும் நாம கண்ணை விட்டு அகல விட்டதில்ல" என்றார் இயக்குநர். "பல பிரச்சினைகளை நான் சேர்ந்த நாள்லேர்ந்து பத்திரமா பாத்துக்கிட்டு வர்றேன். எல்லாம் அப்படியே இருக்கு."

கை தட்டினார்கள்.

பிறகு எல்லோரும் சுவரில் தெரிந்த கண்காணிப்புப் பக்கத்தைப் பார்த்தார்கள். போன வருடம் சர்வர் படுத்துவிட்டபோது, அது படுக்கப் போவது நமக்கு ஏன் முன்கூட்டியே தெரியவில்லை என்று விசாரணை நடந்து, அதன் முடிவாக உருவான பக்கம் அது. நடுவில் விமான ஓட்டியின் அறையில் இருப்பதைப் போல ஒரு வட்டமான மீட்டர். பச்சை, மஞ்சள், சிவப்பு. கீழே, சர்வர் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு நொடியும் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருந்தது என்று காட்டும் கோடு. எல்லா அதிகாரிகளும் அலுவலக நேரம் முழுக்க அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மூடினால் விளக்கம் கேட்கப்படும் என்று சுற்றறிக்கை. திறப்பு விழாவில் இயக்குநர் குத்துவிளக்குக்குப் பதில் மீட்டரை ஏற்றிவைத்ததாகச் சொல்வார்கள்.

முள் சிவப்பில் நின்றது. எல்லோரும் கவலையாக அதைப் பார்த்தார்கள்.

நினைவகம் என்றால் என்ன என்று அவனை விளக்கச் சொன்னார்கள். அவன் மேஜையை உதாரணம் காட்டினான். உள்ளே வரும் ஒவ்வொருவருக்காகவும் சர்வர் தன் மேஜைமேல் கொஞ்சம் காகிதம் பரப்பிக்கொள்கிறது. வந்தவர் போனதும் எடுத்துவிடுகிறது. மேஜை நிரம்பிவிட்டால், ஒவ்வொரு காகிதத்துக்கும் எழுந்து அலமாரிக்கு ஓடி, வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். அந்த ஓட்டத்தைத்தான் வெளியே இருப்பவர்கள் 'சுத்துது' என்கிறார்கள்.

பெரிய மேஜை வாங்கினால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஸ்டோர்காரர் தொண்டையைச் செருமினார். கூடுதல் நினைவகம் போன வருடமே வாங்கியாகிவிட்டது, தன் பொறுப்பில் பூட்டியிருக்கிறது, ஒரு கீறல் கிடையாது என்று பெருமையாகத் தெரிவித்தார். அதைச் சர்வரில் மாட்டலாமே என்று ஏசி ரூம்காரன் கேட்டதற்கு, குழந்தையைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்.

"மாட்டினா நிரம்பிடும் தம்பி. இப்ப காலியா இருக்கு."

அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே அறை நினைத்தது.

இப்போது கேள்வி நேராக அவனிடம் வந்தது. மேஜையை நிரப்புவது யார்? பை துடித்துக்கொண்டிருந்தது. அவனுக்குச் சட்டென்று பதில் வேண்டியிருந்தது, எதையாவது சொல்லிவிட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. பட்டியலைத் திறந்து எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்காமலே, மாறுதல் நாளாச்சே, பொதுமக்கள் கூட்டமாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டான்.

அது தவறு என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் இயக்ககம் அவன் சொன்னதை அந்த நிமிடமே ஏற்றுக்கொண்டது. அவன் சொல்லி அவர்கள் ஏற்றுக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

இணை இயக்குநர் மேடம் முகம் மலர்ந்தது. தனக்கு ரொம்ப நாளாகவே பொதுமக்கள்மேல் சந்தேகம் என்றார். கையோடு உத்தரவு தயாரானது: சர்வரின் நலன் கருதி, நினைவகம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை பொதுமக்களுக்கான வாசல் மூடப்படுகிறது, இறங்கியதும் திறக்கப்படும்.

இன்றைய நாளே அவர்களுக்காகத்தானே மேடம் என்றான்.

"அவங்க வராத நாள்ல இந்தச் சர்வர் எவ்வளவு அழகா ஓடுது, பாத்திருக்கீங்களா?" என்றார் மேடம். "ஒரு நாள்கூட மக்கர் பண்ணினதில்ல. வந்துதான் கெடுக்கறாங்க."

ஏசி ரூமுக்கு வந்து தன் கையாலேயே வாசலை மூடினான். மூடிய மறுநிமிடம் போன்.

"ஏங்க, பராமரிப்புப் பணின்னு போர்டு வருது. எப்ப திறப்பாங்களாம்?"

"இறங்கினதும்."

"என்ன இறங்கினதும்?"

பின்னணியில் குட்டி, போன் அப்பாவா, போன் அப்பாவா என்று அனத்திக்கொண்டிருந்தது. வார்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று மனைவி வைத்துவிட்டாள்.

திரையைப் பார்த்தான். வாசல் மூடியாகிவிட்டது. வெளியிலிருந்து ஈ, காக்கை உள்ளே வர முடியாது. நினைவகம் தொண்ணூற்றேழிலிருந்து தொண்ணூற்றாறுக்கு இறங்கியிருந்தது.

அங்கேயே நின்றது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காலையிலேயே செய்திருக்க வேண்டிய வேலையை இப்போது செய்தான். எந்த வேலை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து, பெரியதை மேலே வரவழைத்தான். மேலே இருந்தது கண்காணிப்புப் பக்கம். அதற்கடுத்தும் கண்காணிப்புப் பக்கம். உருட்டினான். திரை முழுக்க அதுவே. ஒவ்வோர் அதிகாரிக்கும் தனித்தனியாக, சர்வர் பிறந்ததிலிருந்து சேர்ந்த முழுக் கணக்கையும் மேஜைமேல் பரப்பிக்கொண்டு, நொடிக்கொரு முறை கோடு வரைந்துகொண்டிருந்தது. யாரும் மூடாததால் ஒரு காகிதத்தைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. பொதுமக்கள் மொத்தமும் சேர்ந்து மேஜையின் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றிருந்தார்கள்.

காலையிலிருந்து கோடு எங்கெங்கே படி ஏறியிருக்கிறது என்று பார்த்தான். ஒவ்வொரு படியும் ஒரு கூட்டம். நினைவகம் ஏறிவிட்டது, எல்லோரும் பாருங்கள் என்று கூட்டம் கூட்டுவார்கள். எல்லோரும் பார்ப்பார்கள். அது ஏறும். காலையில் ஒருமுறை இயக்குநரின் ஒப்புதலோடு சர்வரை நிறுத்தித் தொடங்கியபோது ஏன் உடனே நிரம்பியது என்பதும் இப்போது விளங்கியது. எல்லா மேஜைகளிலும் திறந்து கிடந்த பக்கங்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி மேடத்தின் அறைக்கு ஓடினான். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். மேடம் முழுவதையும் கவனமாகக் கேட்டார். பாதி நேரம் அவர் கண் பக்கத்திலிருந்த மீட்டரில் இருந்தது.

"அதாவது, நாங்க பாக்கறதாலதான் ஏறுதுன்னு சொல்றீங்க."

"ஆமா மேடம். எல்லாரும் கொஞ்ச நேரம் மூடினா போதும். இறங்கிடும்."

"சரி, மூடறோம். இறங்கிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவனும் மீட்டரை எட்டிப் பார்த்தான்.

"பாத்தாத்தானே தெரியும்?" என்றார் மேடம் பொறுமையாக. "பாக்காம இறங்கினா அது எங்க கணக்குல வராது தம்பி. இறங்கினதும் ஒண்ணுதான், இறங்காததும் ஒண்ணுதான்."

அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்ததால் இரக்கப்பட்டு வழியும் சொன்னார். கண்காணிப்பை நிறுத்துவதானால் கண்காணிப்புக் குழு முடிவெடுக்க வேண்டும். குழு கூடும்போது எல்லா உறுப்பினர்களும் பக்கத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வேண்டுமானால் இப்போதே கூட்டலாம். மற்ற கிளை அலுவலகங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வேண்டாம் மேடம் என்றான் அவசரமாக.

வெளியே வராந்தாவில் கடிகாரம். நான்கைத் தாண்டியிருந்தது. நீல கேபிளில் கால் தடுக்கி விழப்போய்ச் சுவரைப் பிடித்தான். பிடித்த இடத்துக்கு மேலே மெயின் போர்டு. அதன் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளில் சொற்புதிர் போட்டுக்கொண்டிருந்தார் எலக்ட்ரீஷியன்.

அவருக்கும் ஒரு மனக்குறை உண்டு. மாதம் ஒருமுறை மேல்மாடியின் லைனை அணைத்துச் சோதிக்க வேண்டும் என்பது அவருடைய பணிவிதி. அதிகாரிகள் ஒரு மாதமும் அனுமதித்ததில்லை. ஒயரெல்லாம் என்ன நிலையில் இருக்கிறதோ என்று அவர் பார்ப்பவரிடமெல்லாம் புலம்புவார்.

"அண்ணே" என்றான். "மேல்மாடி லைனை டெஸ்ட் பண்ணணும்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே."

"ஆமா. அதுக்கென்ன?"

"இன்னிக்குப் பண்ணிடுங்க. இப்பவே."

எலக்ட்ரீஷியன் அவனை மேலும் கீழும் பார்த்தார். யாராவது கேட்டால் யாரைச் சொல்வது என்று விசாரித்தார். என்னைச் சொல்லுங்கள் என்றான். அப்படியானால் சரி என்று, எழுந்து சோம்பல் முறித்து, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, ஒரு நெம்புகோலைக் கீழே இழுத்தார்.

மேல்மாடி இருண்டது. மின்விசிறிகள் தளர்ந்தன. அறை அறையாகக் கம்ப்யூட்டர்கள் அணையும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கட்டிடத்தில் அவன் இதுவரை கேட்டிராத அமைதி.

ஏசி ரூம் வேறு லைன். ஓடினான். திரையில் எண்கள் சரிந்துகொண்டிருந்தன. மேஜைக் கம்ப்யூட்டர்கள் செத்ததும் சர்வர் ஒவ்வொருவரின் காகிதத்தையும் வாரி எடுத்துக்கொண்டிருந்தது. எண்பது. அறுபத்தைந்து. ஐம்பத்திரண்டில் சற்று நின்று அவனை உலுக்கிவிட்டு, நாற்பதுக்குப் போனது. ஐம்பதுக்குக் கீழே இறங்கியதும் திறக்கப்படும் என்பது மேடத்தின் கையெழுத்திட்ட உத்தரவு. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து வாசலைத் திறந்தான்.

மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். அப்போது எலக்ட்ரீஷியன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். லிஃப்டும் அந்த லைன்தான்."

"அதுக்கு?"

"இயக்குநர் உள்ள இருக்காரு."

மேலிருந்து, இரண்டு மாடிகளுக்கு நடுவிலிருந்து, இரும்புக் கதவைத் தட்டும் சத்தமும் ஒரு குரலும் கேட்டன. கேட்டவர்கள் பிறகு சொன்னார்கள், முதலில் அவர் உதவிக்குத்தான் கூப்பிட்டாராம். வெளியே ஆள் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் உரையாற்றத் தொடங்கிவிட்டாராம். இருட்டிலும் தளராமல் கடமையாற்றுவது குறித்து.

"போட்டுடவா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

போனில் மனைவி. "ஏங்க, ஊசி போட்டுக்கிட்டிருந்தேன். சொல்லுங்க."

"திறந்திருக்கு. உள்ள போ. சீக்கிரம்."

"இருங்க… வருது. பேர் கேக்குது. போட்டுட்டேன். ஊர் கேக்குது."

மேலே தட்டும் சத்தம் பலமானது. போட்டுடவா என்று எலக்ட்ரீஷியன் மறுபடி கேட்டார். இவன் ஒப்பந்த வேலைக்காரன். லிஃப்டில் இருப்பது ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பவர்.

"இன்னும் கொஞ்சம் இருங்கண்ணே."

"அவரு நல்லா இருக்காருப்பா, பேசிக்கிட்டுத்தான் இருக்காரு. எனக்கு உன்னை நினைச்சாத்தான்."

"காலி இடமெல்லாம் காட்டுதுங்க" என்றாள் மனைவி. "அடுத்த தெருதானே, அதேதானே? பெயர் ஒரே மாதிரி ரெண்டு இருக்கு."

"முதல்ல இருக்கிறது. முதல்ல இருக்கிறதை அழுத்து."

மூச்சு மட்டும் கேட்டது. அவள் மூச்சா தன் மூச்சா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அழுத்திட்டேன்" என்றாள். "உறுதி செய்யப்பட்டதுன்னு வந்திருக்கு. பச்சையா."

அவன் எலக்ட்ரீஷியனைப் பார்த்துத் தலையாட்டினான்.

மின்சாரம் வந்தது. லிஃப்ட் வந்தது. இயக்குநர் கைத்தட்டலுக்கிடையே வெளியே வந்து, முதல் வேலையாக நினைவகம் என்ன ஆயிற்று என்று கேட்டார். மாடி முழுவதும் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்தது. முள் பச்சையில் இருந்தது. இப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். கிளை அலுவலகங்களுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எல்லோரும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் மஞ்சளுக்கு நகர்ந்து, சிவப்புக்குப் போய், பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வெளியே இருந்தவர்களுக்கு மறுபடி சுற்றத் தொடங்கியது. ஐந்து மணி அடித்தது.

கூட்டம் போட்டார்கள்.

ஏசி ரூம்காரன் வேலை போய்விட்டது என்ற முடிவோடு போய் ஓரமாக நின்றான். ஆனால் மின்சாரம் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. மின்சாரம் என்றால் போவதுதானே. கேட்ட கேள்வி அதைவிட மோசமாக இருந்தது.

இன்றைய மாறுதல் விண்ணப்பங்கள் அனைத்தும் மின்சாரம் இல்லாத நேரத்தில் பதிவாகியிருக்கின்றன என்றார் இணை இயக்குநர் மேடம். அந்த நேரத்தில் எந்த அதிகாரியின் மேஜையிலும் கண்காணிப்புப் பக்கம் இல்லை. ஆகவே அது கண்காணிக்கப்படாத நேரம். கண்காணிக்கப்படாத நேரத்தில் நடந்ததை நடந்ததாக எப்படி எடுத்துக்கொள்வது? அனைத்தையும் ரத்து செய்ய அவர் பரிந்துரைத்தார்.

"கண்காணிச்ச நேரத்துல எத்தனை பதிவு வந்தது மேடம்?" என்று ஏசி ரூம்காரன் கேட்டான்.

"ஒண்ணுகூட வரல" என்றார் மேடம். "அதுல எந்த முறைகேடும் கிடையாது."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி அவருடைய லேப்டாப்பின் விசைப்பலகைமேல் மடித்தபடி கிடந்தது. அவர் எப்போதும் வைக்கும் இடம். லேப்டாப் முந்தைய கூட்டத்திலிருந்து அந்தக் கூட்ட அறை மேஜையிலேயே திறந்து கிடந்தது. திரையில் மீட்டர். பக்கவாட்டில் நீல கேபிள்.

ஏசி ரூம்காரன் அந்தக் கேபிளைப் பார்த்தான்.

"சார்" என்றான். "லேப்டாப்ல பேட்டரி இருக்கு சார். கேபிள் நேரா என் ரூமுக்கு வருது. மின்சாரம் போனப்பவும் உங்க பக்கம் ஒரு நொடிகூட நிக்கல சார். சர்வர்ல பதிவாகியிருக்கு."

அறை அவன் பக்கம் திரும்பியது.

"எல்லாரும் இருட்டுல இருந்தப்ப, நீங்க ஒருத்தர்தான் சார் தனியா கண்காணிச்சிருக்கீங்க."

அந்த நேரத்தில் இயக்குநர் எங்கே இருந்தார் என்பது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று அவருடைய உரையைக் கேட்டவர்கள். மேடம் கதவு இடுக்கு வழியாக விசிறிக்கூட விட்டிருந்தார். ஒருவருக்கும் இப்போது அது ஞாபகம் வரவில்லை.

இயக்குநர் மெதுவாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நான் எங்க இருந்தாலும்" என்றார், "என் கண்ணு இங்கதான் இருக்கும்."

கைத்தட்டல் ஓய நேரமானது. விண்ணப்பங்கள் அனைத்தும் முறையானவை என்று முடிவாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இயக்குநருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தான் ஒருவர் கண்காணித்தபோதே நினைவகம் இவ்வளவு இறங்கியது என்றால், மின்சாரம் போனாலும் நிற்காமல் எல்லோரும் கண்காணித்தால் எவ்வளவு இறங்கும் என்று கேட்டார். எல்லா அதிகாரிகளுக்கும் லேப்டாப், ஒவ்வொன்றுக்கும் ஏசி ரூமிலிருந்து தனி கேபிள் என்று அப்போதே தீர்மானமாயிற்று. இந்த யோசனைக்கு வித்திட்டவர் என்று ஏசி ரூம்காரனைப் பாராட்டி ஒரு வரி சேர்த்தார்கள். ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். லேப்டாப் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

அவள் வேலையில் சேரும் நாள் வந்தது. குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரயிலடியிலிருந்து நேராக அடுத்த தெரு மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். அவன் மதியம் அரை மணி நேரம் அனுமதி வாங்கி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. கிளம்பச் செருப்பை மாட்டும்போது போன் வந்தது.

"ஏங்க, சேர்ந்ததை உங்க தளத்துலதான் பதியணுமாம். சாயங்காலத்துக்குள்ள பதியலன்னா பழைய இடத்துக்கே திரும்பிப் போகணும்னு எழுதியிருக்கு."

"பதிஞ்சிடு."

"சுத்துதுங்க."

திரையைப் பார்த்தான். தொண்ணூற்றொன்பது. அன்று காலைதான் லேப்டாப்கள் வந்திறங்கின. மேல்மாடியில் ஒவ்வோர் அறையிலும் பெட்டி பிரித்து, முதல் வேலையாகக் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்திருந்தார்கள்.

போனில் குட்டியின் குரல். போன் அப்பா எப்போது வெளியே வருவார் என்று கேட்டது. வருவார், வேலை முடிந்ததும் வருவார் என்று மனைவி சமாதானம் சொல்வது கேட்டது.

எலக்ட்ரீஷியன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிலைமையை அவரும் பார்த்திருந்தார். லைனை அணைத்துப் பயனில்லை தம்பி, இப்போது எல்லாம் பேட்டரி என்றார்.

அவன் அறையின் மூலையைப் பார்த்தான். சுவரில் ஓட்டை போட்டு உள்ளே இறங்கிய நீல கேபிள்கள், பின்னிய சடைபோல ஒன்றாகக் கட்டப்பட்டு, ஒரே பெட்டிக்குள் போயின. ஒவ்வொரு செருகியின் மேலும் கண்காணிப்புக் குழுவின் முத்திரையோடு காகிதம் ஒட்டியிருந்தது: பிடுங்கக் கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.

அவன் குனிந்து அதை இரண்டு முறை படித்தான். பிடுங்கக் கூடாது என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள்.

"அண்ணே" என்றான். "உங்ககிட்ட கட்டிங் பிளேயர் இருக்கா?"

எலக்ட்ரீஷியன் பையைத் துழாவி எடுத்து நீட்டினார்.

"இந்தா" என்றார். "கொஞ்சம் மழுங்கல். ரெண்டு தடவை அழுத்தணும்."